‘வரலாற்றில் இன்று’: தேதியில் சறுக்கும் இடங்கள்

ஏப்ரல் 23 வந்தால் பள்ளிக் காலை வழிபாட்டிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த வரி வந்துவிடும்: ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616இல் ஒரே நாளில் இறந்தார்கள். சொல்லப்படும் தேதி ஒன்றுதான், நாள் ஒன்றல்ல. ஸ்பெயின் 1582இலேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அந்த ஆண்டு அங்கே அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15! இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் கணக்கை விடவில்லை. அதனால் ஷேக்ஸ்பியர் இறந்த நாள் ஸ்பெயின் கணக்கில் மே 3. செர்வாண்டிஸ் இறந்ததோ ஏப்ரல் 22ஆம் தேதி. 23 அவரை அடக்கம் செய்த நாள் என்றே இன்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்பதிலும் இதே சறுக்கல்தான். கலிலியோ இறந்த 1642 புதிய கணக்கு; நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 பழைய கணக்கு, புதிய கணக்கில் அது 1643 ஜனவரி 4. பழைய தேதி என்றால் ‘ஜூலியன்’ என்று பக்கத்தில் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

நாட்காட்டி ஒன்றாக இருந்தாலும் ஊர் மாறினால் தேதி மாறும். ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது 1941 டிசம்பர் 7. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பான் படை இறங்கியது டிசம்பர் 8. படித்தால் மலாயா பிந்தியது போலத் தோன்றும். உண்மையில் கோத்தா பாரு கரையில் சண்டை தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே ஹவாயில் முதல் குண்டு விழுந்தது. சர்வதேசத் தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹவாய், அங்கே தேதி ஒரு நாள் பின்தங்கியிருக்கும், அவ்வளவுதான். இரண்டையும் வரிசைப்படுத்தும்போது உள்ளூர் நேரத்தைக் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் 1776 ஜூலை 4 அன்று எல்லோரும் கையெழுத்திட்டதாக எழுதாதீர்கள். அன்று அது ஏற்கப்பட்டது. பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2.

என்னை மிகவும் வருத்துவது ‘26 கெட்ட நாள்’ என்று சுற்றும் செய்தி. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கம், 2003 டிசம்பர் 26 ஈரானின் பாம் நகர நிலநடுக்கம், 2004 டிசம்பர் 26 சுனாமி. தேதிகள் மூன்றும் சரி. ஆனால் 2010 ஜனவரி 12இல் ஹைட்டி, 2011 மார்ச் 11இல் ஜப்பான், 2015 ஏப்ரல் 25இல் நேபாளம் குலுங்கியதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. நாகப்பட்டினத்தில் சுனாமிக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களும் அதைப் படிக்கிறார்கள்.