'பரவாயில்ல' என்று மட்டும் சொல்லும் அண்ணாச்சியிடம் மதிப்பு வாங்குவது எப்படி

நம்ம திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி வாய் திறந்து பாராட்டுவார் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருஷம் நின்றவன் நான். நின்றவன் என்றால் நிஜமாகவே நின்றவன், உட்கார ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது. அந்த ஒன்பது வருஷத்தில் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பெரிய வார்த்தை, ஒரு தீபாவளி முடிந்த ராத்திரி சொன்ன "பரவாயில்லல". அதுக்கே எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் முதலில், உங்கள் முதலாளி எந்த வழியில் பாராட்டுகிறார் என்று கவனியுங்கள். நேரே சொன்னால் பையன் தலைக்கு ஏறிவிடும், அடுத்த மாசமே சம்பளம் கேட்பான் என்ற பயம் பல பேருக்கு உண்டு. ஆனால் வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால் "அவன்ட்ட கேளுங்க, அவனுக்குத்தான் தெரியும்" என்று கை காட்டுவார். வெளியூர் போகும்போது கல்லாச் சாவியை உங்களிடம் கொடுப்பார். சரக்கு எடுக்க ஈரோட்டுக்குக் கூடவே கூட்டிப் போவார். என் விஷயத்தில், சரக்கு போடுகிற வியாபாரி ஒருத்தர் டீக்கடையில் வைத்துத்தான் சொன்னார், "உன்னைப் பத்தி உங்க அண்ணாச்சி பெருமையா பேசுதாரே" என்று. ரெண்டு வருஷமாக அண்ணாச்சி மேல் நான் வைத்திருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போனது. மீதிப் பாதி சம்பளம் சம்பந்தப்பட்டது, அதுக்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது, நீங்கள் செய்கிற வேலை அவர் கண்ணில் படுகிறதா? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம். ஆனியில் நெல்லையப்பர் கோயில் தேரோட்டம் என்றால் ரத வீதிக்குள் வண்டி நுழைய முடியாது, அதனால் ரெண்டு நாள் முன்னாடியே சரக்கையெல்லாம் இறக்கி, மாடியில் அடுக்கி, சிட்டை போட்டு வைத்துவிடுவேன். தேரன்றைக்குக் கடையில் எந்தத் தட்டுப்பாடும் இருக்காது. அண்ணாச்சிக்குத் தெரிவதும் அவ்வளவுதான், தட்டுப்பாடு இல்லை என்பது. சரக்கு இல்லாமல் போயிருந்தால் என் பேர் பத்துத் தடவை அடிபட்டிருக்கும், ஒழுங்காக நடந்ததால் ஒரு தடவை கூட வரவில்லை. பிறகுதான் புத்தி வந்து முன்கூட்டியே ஒரு வரி சொல்ல ஆரம்பித்தேன்: "அண்ணாச்சி, தேருக்கு வண்டி உள்ள வராதுல்லா, இன்னைக்கே எறக்கிட்டேன்." இதைத் தற்பெருமை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தகவல் சொல்வதுதான். கூடவே ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கேட்க வேண்டிய நாள் வரும்போது நமக்கே எதுவும் ஞாபகம் இருக்காது.

கேட்கும் நேரம் முக்கியம். கூட்டத்தில் வேண்டாம், பாக்கி வசூலுக்கு ஆள் வந்து உட்கார்ந்திருக்கும்போது கண்டிப்பாக வேண்டாம். கல்லாக் கணக்கு நேராகி, ஷட்டர் இறக்குவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் இருக்குமே, அதுதான் நேரம். "என்னய யாரும் மதிக்க மாட்டேங்கீங்க" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. "சேலைப் பிரிவ இனிமே முழுசா நான் பாத்துக்கிடட்டுமா? எதுல கொறை இருக்குன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். குறை சொல்லச் சொன்னால் நம்ம ஊர் ஆட்களுக்கு வாய் தானாகத் திறக்கும், அந்தப் பேச்சுக்கு நடுவில் ரெண்டு நல்ல வார்த்தையும் வந்து விழும். ஆபீஸ், ஆஸ்பத்திரி மாதிரி நடுவில் மேனேஜர் இருக்கும் இடத்திலும் இதேதான், வாட்ஸ்அப்பில் ஒரு வரி சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

சரி, சம்பளம். "நீ நம்ம வீட்டுப் பிள்ளைல்லா" என்று அடிக்கடி சொல்லும் முதலாளியிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்தில் மூணு நாள் பந்தி பார்த்திருக்கிறேன், அந்த மாசச் சம்பளத்தில் ஒரு நாள் லீவு பிடித்திருந்தார்கள். எது மதிப்பு, எது சட்டம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், சம்பள வரம்புக்குள் இருந்து, வருஷத்தில் 30 நாளாவது வேலை பார்த்தவருக்குக் குறைந்தது 8.33 சதவீத போனஸ் சட்டப்படி வர வேண்டியது. அதை வாங்கிக்கொண்டு கண்கலங்க வேண்டாம், அதுக்கு மேல் கொடுத்தால் கலங்கலாம். ஸ்டூலும் அப்படித்தான். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். எனக்கு அது லேட்டாக வந்தது, உங்களுக்கு இருக்கிறது, கேளுங்கள்.

ரெண்டு தடவை முறையாகக் கேட்டும் ஒன்றும் நகரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள், பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் கடையா இல்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் வேலையை விட்டு நின்றுவிடாதீர்கள். போனஸ் இழுபறியாகும் என்பது ஒன்று, அடுத்த கடைக்காரர் விசாரிக்க போன் போடப்போவது இதே அண்ணாச்சிக்குத்தான் என்பது இன்னொன்று.