அமெரிக்காவில் ரைஃபிளைத் தாமே உருவாக்குவோரும் அதுபற்றி அரசுக்கு மனு எழுதுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் விற்பனைக்காக அன்றித் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒருவர் ரைஃபிள் செய்துகொள்வதற்குக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக உரிமம் கேட்பதில்லை. துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கப்பட்டவராக அவர் இருக்கக் கூடாது என்பதே அடிப்படை நிபந்தனை. இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டுப் பாகங்களை வாங்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன. வாஷிங்டன் நகரில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் அனுமதித்ததை மாநிலத் தலைநகரில் எழுதப்பட்ட சட்டம் குற்றமாக்கியிருக்கலாம் என்பதைப் பலர் பொருள் வாங்கி வீட்டுக்கு வந்த பிறகே அறிகிறார்கள்.

ஏஆர்-15 வகை ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். கூட்டாட்சிச் சட்டத்தின் கணக்கில் அதன் லோயர் ரிசீவர் என்ற கீழ்ப்பகுதிதான் துப்பாக்கி. சீரியல் எண் அதில்தான் இருக்கும். பேரல் (குழல்), ஸ்டாக் (தோளில் பொருத்தும் பின்பகுதி), கிரிப் (கைப்பிடி) முதலியவை வெறும் உதிரிகள். இந்தக் கணக்கை வாஷிங்டன் மாநிலத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் சிக்கல்தான். 2023 ஏப்ரல் 25 அன்று கையெழுத்தாகி உடனே நடைமுறைக்கு வந்த அம்மாநிலச் சட்டம், ஏஆர்-15 போன்றவற்றைத் தயாரிப்பதையும் விற்பதையும் வெளியிலிருந்து கொண்டுவருவதையும் தடுத்ததோடு, ஒருவரிடமே சேர்ந்திருந்து அத்தகைய துப்பாக்கியாகப் பொருத்தப்படக்கூடிய பாகங்களையும் அதே வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது.

கலிஃபோர்னியாவின் நிலை இன்னும் நுட்பமானது. அதனால் அங்கே தவறுகளும் மிகுதி. ஸ்டாக்டன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் 1989-இல் இயற்றப்பட்ட சட்டம் சில துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடை செய்தது. 1999-இல் நிறைவேறிய திருத்தம் பெயரை விட்டுவிட்டு அம்சங்களைப் பார்த்தது: கழற்றக்கூடிய மேகசின் (தோட்டாக் கூடு) கொண்ட, சென்டர்ஃபயர் (அடிப்பகுதியின் நடுவில் தட்டி வெடிக்கும்) தோட்டாவைப் பயன்படுத்தும் பகுதி தானியங்கி (விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றும்) ரைஃபிளில் பிஸ்டல் கிரிப், மடியும் அல்லது நீளும் ஸ்டாக், ஃபிளாஷ் சப்ரெசர் (சுடும்போது எழும் ஒளியைக் குறைக்கும் கருவி) போன்றவற்றுள் ஒன்று இருந்தாலே அது தடைக்குள் வந்துவிடும். மேகசினைக் கருவி கொண்டு அழுத்திக் கழற்றும் 'புல்லட் பட்டன்' இருந்தால் அது 'கழற்றக்கூடிய' மேகசின் ஆகாது என்பது இத்தடையிலிருந்து தப்ப ஒரு வழியாகப் பல ஆண்டுகள் இருந்தது. 2016-இல் நிறைவேறிய சட்டங்கள் அவ்வழியை அடைத்துவிட்டன. ஆனால், 2010 வாக்கில் எழுதப்பட்ட ஆலோசனைகள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தப் பழைய அறிவுரைகளை நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன், ஏனெனில் எழுதியவர்மீது வழக்கு வராது, நம்பிப் பொருத்தியவர்மீதுதான் வரும். 2018 ஜூலை 1 முதல், சீரியல் எண் இல்லாத துப்பாக்கியைச் செய்யத் தொடங்கும் முன்பே மாநில அரசின் நீதித் துறையிடம் (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) சீரியல் எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். செய்து முடித்த பின் எண் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவது சட்டமீறலிலேயே தொடங்குவதாகும்.

நீளத்திலும் இதே இரட்டைக் கணக்கு உண்டு. 1934-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, பேரல் 16 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் அது பதிவு செய்ய வேண்டிய குட்டை ரைஃபிள். கலிஃபோர்னியாவிலோ மேற்சொன்ன பகுதி தானியங்கி வகைக்கு மொத்த நீளம் 30 அங்குலம் வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிளுக்கான 200 டாலர் கூட்டாட்சி வரி நீங்கியதைப் பலர் பதிவே நீங்கியதாக எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கியது வரி மட்டுமே; செய்வதற்கு முன் அனுமதி பெறும் கடமை அப்படியே இருக்கிறது, மாநிலத் தடைகளும் இருக்கின்றன.

நீதிமன்றச் செய்தியின் தலைப்பை நம்பிச் செயல்படுவதும் இதே வகைப் பிழை. சான் டியேகோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் கலிஃபோர்னியாவின் தடையை 2021-இலும் 2023-இலும் செல்லாது என்றது. இரு முறையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது, தடை தொடர்ந்தது.

வேலை மாறி மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் நம் குடும்பங்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். டெக்சாஸில் முறைப்படி வைத்திருந்த ரைஃபிள் நியூ ஜெர்சியில் குற்றப்பொருளாகலாம். அதைவிட முக்கியமானது, ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டமே தடை விதிக்கிறது என்பது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இனி மனுவுக்கு வருவோம். குறைதீர்க்கக் கோரி அரசுக்கு மனு செய்யும் உரிமையை முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் காக்கிறது. துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் அது பொது. ஆனால், மாநிலச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதுவதில் பயன் குறைவு. அதை எழுதியவர்கள் மாநிலச் சட்டமன்றத்தில் இருக்கிறார்கள். நகர மன்றத்தை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். பிலடெல்பியா, பிட்ஸ்பர்க் நகரங்கள் இத்தகைய துப்பாக்கிகளுக்குக் கொண்டுவந்த தடைகள், அந்த அதிகாரம் மாநிலத்துக்கே உரியது என்று 1996-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தன. கூட்டாட்சி முகமை ஒன்றின் விதியாயின், அது கருத்துக் கேட்கும் காலத்துக்குள் எழுத வேண்டும். 2015-இல் எம்855 என்ற தோட்டாவைத் தடுக்க, துப்பாக்கிச் சட்டங்களை நடைமுறைப்படுத்தும் கூட்டாட்சி முகமையான ஏடிஎஃப் முன்வைத்த திட்டம், 80,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்த பின் கைவிடப்பட்டது.

துப்பாக்கியோடு மனுக் கொடுக்கப் போவது பற்றியும் சொல்ல வேண்டும். 1967 மே 2 அன்று கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் ஒரு மசோதாவை எதிர்த்துக் கலிஃபோர்னியத் தலைநகர் சாக்ரமென்டோவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் ஆயுதங்களோடு சென்றார்கள். குண்டேற்றிய துப்பாக்கியைப் பொதுவெளியில் ஏந்துவதைத் தடுக்கும் அந்த மசோதா அதே ஆண்டு சட்டமாயிற்று. வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில் 2020 ஜனவரி 20 அன்று திரண்ட துப்பாக்கி உரிமை ஆதரவாளர் கூட்டத்துக்கு முன்பே அம்மாநில ஆளுநர் சட்டமன்ற வளாகத்தில் ஆயுதங்களைத் தற்காலிகமாகத் தடை செய்திருந்தார். வெளித்தெருவில் அனுமதிக்கப்பட்ட ஆயுதம் வளாகத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. போகும் நாளின் உத்தரவைப் போகும் முன் படிக்க வேண்டும்.

மக்களே கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்கு விடும் மனுவில் படிவமே உயிர். வாஷிங்டன் மாநிலத்தில் பகுதி தானியங்கி ரைஃபிள் வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தும் 1639-ஆம் முன்முயற்சி என்ற அத்தகைய மனுவுக்கு 2018-இல் தேவையைவிட மிகுதியான கையெழுத்துகள் கிடைத்தன. ஆயினும் தாளின் பின்பக்கத்தில் சட்டவாசகத்தின் மாற்றங்கள் தெளிவாக அச்சிடப்படவில்லை என்று கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளியது. மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிய பிறகே அது வாக்குச்சீட்டில் ஏறி வென்றது. இத்தகைய மனுவில் பதிவுபெற்ற வாக்காளரின் கையெழுத்து மட்டுமே எண்ணப்படும். விசாவில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், இந்தத் தாளில் கையெழுத்திடக் கூடாது.