அப்பத்தாவின் தொடை இடுக்குப் புண் ஆறிய விதம்

படுக்கையில் இருக்கும் அப்பத்தாவுக்கு, காரைக்குடி வெயிலில் டயப்பர் படும் இடமெல்லாம் சிவந்து தோல் உரிந்தது. பவுடர் மடிப்புகளில் கட்டியாகி உரசியது. சோப்பு தோலை இன்னும் வறட்டியது. ஈரம் தோலில் படாமல் காக்கும் ஜிங்க் ஆக்சைடு களிம்புக்கும் கேட்கவில்லை. தடிமனாக அப்பினால் டயப்பரில் ஒட்டி, அது சிறுநீரை உறிஞ்சாது.

பார்க்க வேண்டியது சிவப்பின் ஓரத்தை. அதைத் தாண்டிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தன. டாக்டர் பார்த்ததுமே பூஞ்சைத் தொற்று என்றார். குளோட்ரிமசோல் களிம்பு தினம் 2 வேளை; அது ஊறியபின் மேலே ஜிங்க் ஆக்சைடு, மெல்லிசாக. பழைய வேட்டித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து ஒற்றி எடுத்தோம், தேய்க்கவில்லை. அழுக்கான மேல்படலம் போனால் போதும், அடிக்களிம்பைச் சுரண்டினால் புதுத்தோலும் சேர்ந்து வரும். மலம் பட்டால் உடனே மாற்றணும். சிறுநீரைவிட அதுதான் தோலை அரிக்கும். ஒரு வழியாக ஆறிவிட்டது, நிம்மதி.