ஆன்டிவைரஸ் நீக்கிய பிறகும் தொடரும் ஆபத்து: கடவுச்சொல் திருடும் டிரோஜன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கணினியில் கடவுச்சொல் திருடும் டிரோஜன் (நல்ல மென்பொருள்போல் வேடமிட்டு வரும் தீய நிரல்) புகுந்துவிட்டது என்று தெரிந்ததும், பலர் பதற்றத்தில் அதே கணினியின் முன் உட்கார்ந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றத் தொடங்குகிறார்கள். டிரோஜனின் ஒரு துணுக்கு எங்காவது ஒளிந்திருந்தாலும் போதும், புதிதாகத் தட்டும் கடவுச்சொல்லும் திருடனிடமே போய்ச் சேரும். பாதிப்பில்லாத வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோதான் மாற்ற வேண்டும். அதிலும் மின்னஞ்சலைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் இணைப்புகள் அங்கேதான் வந்து விழுகின்றன. வரும் மடல்களின் நகல் வேறு முகவரிக்குப் போகும்படி யாரேனும் அமைத்துவைத்திருக்கிறார்களா என்றும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இதற்கு நேர்மாறான தவறு, ஆன்டிவைரஸ் நீக்கிவிட்டதே என்று எதையும் மாற்றாமல் விட்டுவிடுவது. ரெட்லைன், லும்மா போன்ற திருட்டு நிரல்களுக்குக் கணினியில் நெடுநாள் தங்க வேண்டிய தேவையே இல்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், குக்கிகள் (இணையதளங்கள் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புகள்), கிரிப்டோ நாணயங்களுக்கான வாலட் கோப்புகள் ஆகியவற்றைச் சில நிமிடங்களில் வாரிச் சுருட்டி அனுப்பிவிடுகின்றன; இவ்வகை நிரல்களில் சில, வேலை முடிந்ததும் தம்மையே அழித்துக்கொள்கின்றன. அப்படிப் போன மூட்டை 'லாக்' என்ற பெயரில் கைமாறி விற்கப்படுகிறது. 2024இல் ஸ்னோஃப்ளேக் என்னும் தரவுச் சேமிப்புச் சேவையின் வாடிக்கையாளர் கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள் பயன்படுத்திய கடவுச்சொற்களில் சில, 2020ஆம் ஆண்டிலேயே இத்தகைய நிரல்களால் திருடப்பட்டவை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றை யாரும் மாற்றியிருக்கவில்லை.

படித்தவர்களையும் ஏமாற்றும் தவறு ஒன்று உண்டு: ஓடிபி இருக்கிறதே, கடவுச்சொல் போனால் என்ன என்ற எண்ணம். ஓடிபி கட்டாயம் வேண்டும். மேலே சொன்ன ஸ்னோஃப்ளேக் கணக்குகளில் அத்தகைய இரண்டாம் சரிபார்ப்பு இல்லாததே திருடர்களுக்கு வழிவிட்டது. ஆனால் நாம் ஒருமுறை உள்நுழைந்ததும், 'இவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்' என்பதற்கு அடையாளமாக இணையதளம் ஒரு குக்கியைப் பிரவுசரில் வைக்கிறது. அந்தக் குக்கியைத் திருடித் தன் பிரவுசரில் பொருத்திக்கொள்பவனிடம் பல தளங்கள் கடவுச்சொல்லையும் கேட்பதில்லை, ஓடிபியையும் கேட்பதில்லை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற புகழ்பெற்ற யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. விளம்பர ஒப்பந்தம்போல் வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்ததே காரணம். தொழில்நுட்பமே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை. எனவே கடவுச்சொல்லை மாற்றுவதோடு நில்லாமல், ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற தெரிவையும் அழுத்த வேண்டும்.

பிரவுசர் கடவுச்சொற்களைப் பூட்டித்தானே வைத்திருக்கிறது என்பதும் பாதி உண்மைதான். விண்டோஸில் அந்தப் பூட்டின் சாவி நெடுங்காலமாகப் பயனரின் கணக்கோடு பிணைக்கப்பட்டிருந்தது. நம் கணக்கில் ஓடும் எந்த நிரலும், நாமே கேட்பதுபோலக் கேட்டு அதைத் திறந்துவிடலாம். 2024இல் குரோம் இதைக் கடுமையாக்கியது. திருட்டு நிரல்களை எழுதுபவர்கள் விரைவிலேயே அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். நிர்வாகி உரிமை இல்லாத கணக்கைத்தான் பயன்படுத்துகிறேன் என்பதும் இங்கே பெரிய காப்பு அல்ல. நமக்குத் திறக்கும் கோப்புகளைத் திருட நம் உரிமையே போதும். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களையாவது தனிக் கடவுச்சொல் மேலாளரில் வைத்து, வேலை முடிந்ததும் அதைப் பூட்டிவிடுவது மேல்.

டிரோஜன் உள்ளே வரும் வழி பெரும்பாலும் நாமே திறந்துவிடும் கதவுதான். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் 'கிராக்' (உரிமப் பூட்டை உடைத்த) பதிப்பு ஒரு ஜிப் கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல் கோப்பின் பெயரிலேயே எழுதியிருக்கிறது. பயனரின் வசதிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றலாம். பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் பார்க்க முடியாது என்பதே அதன் உண்மையான காரணம். 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்திவையுங்கள்' என்று கூடவே ஒரு குறிப்பும் இருந்தால், அதற்கு மேல் வேறு எச்சரிக்கை தேவையில்லை. கோப்பின் பெயர் 'பிடிஎஃப்' என்று முடிவதாகத் தோன்றினாலும் நம்பிவிட முடியாது. கோப்பின் வகையைக் காட்டும் கடைசி நீட்சியை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுவதால், அது ஓடும் நிரல் என்று காட்டும் 'ஈஎக்ஸ்இ' பின்னால் இருந்தும் கண்ணில் படாது. அந்த மறைப்பை அமைப்புகளில் நீக்கிவிடலாம்.

அண்மை ஆண்டுகளில் பரவிய இன்னொரு தந்திரம், 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்யுங்கள்' என்ற போலிப் பெட்டி. அதைச் சொடுக்கியதும் ஒரு கட்டளை நமக்குத் தெரியாமல் நகலெடுக்கப்படுகிறது. பிறகு விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோலும் வியும் அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள் என்று மூன்று படிகள் காட்டப்படுகின்றன. அந்த மூன்றாவது படியில் டிரோஜனை இறக்கி ஓடவிடுவது நம் கைதான். உண்மையான சரிபார்ப்பு பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும். விண்டோஸ், ஆர் விசைகளால் திறக்கும், கட்டளைகளை ஓட்டும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. என்டர் தட்டிய பிறகு சந்தேகம் வந்தால், ஏதாவது நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். திரையில் பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. உடனே இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றக் கைபேசியை எடுக்க வேண்டும்.