வீட்டு வன்முறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் கோபத்தைக் கையாள்வது எப்படி?

பதின்ம வயதுப் பிள்ளை எடுத்ததற்கெல்லாம் கை ஓங்குவதைத் திமிர் என்று தள்ளிவிடுவதற்கு முன், அவன் வீட்டில் எதைக் கண்டும் கேட்டும் வளர்ந்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அடி அவன்மேல் விழவில்லை என்பதால் பாதிப்பும் இல்லை என்றாகிவிடாது. மூடிய கதவுக்கு அப்பால் கேட்ட அலறலே போதும்.

1961-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறுவர்களில் பலர், வாய்ப்புக் கிடைத்ததும் அவர் சொன்ன சொற்களையே சொல்லி அவரைப் போலவே அடித்தார்கள். வீட்டிலோ பிள்ளை இன்னொன்றையும் கற்கிறான்: அடித்தவரின் பேச்சே கடைசியில் செல்லுபடியாகிறது. உடலும் தன் பங்குக்குப் பழகிக்கொள்கிறது. எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்துக் கிடந்த மூளை, நண்பன் தெரியாமல் இடித்ததையும் ஆசிரியர் குரல் உயர்த்தியதையும் தாக்குதலாகவே எடுத்துக்கொள்கிறது. அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முழு வளர்ச்சி அடைவதில்லை.

வீட்டில் வன்முறை தொடரும்வரை பிள்ளையை மட்டும் திருத்த முயல்வது வீண்வேலை. அது உடனே நிற்காது என்றால், சண்டையின் நடுவே புகுந்து தடுப்பது அவன் பொறுப்பல்ல என்பதையும், எந்த வழியாக வெளியேறி யாரை அழைக்க வேண்டும் என்பதையும் அமைதியான நேரத்தில் சொல்லிவைக்க வேண்டும்.

கோபம் பொங்கும்போது அறிவுரை காதில் ஏறாது. குரலைத் தாழ்த்தி, வாசலை மறிக்காமல், சற்று விலகி நில்லுங்கள். ஆறிய பிறகு, வேண்டுமானால் மறுநாள், கை ஓங்குவதற்குச் சற்று முன் உடலில் என்ன உணர்ந்தான் என்று கேளுங்கள். தாடை இறுகுவதையோ நெஞ்சு படபடப்பதையோ அடையாளம் கண்டுகொண்டால், அந்த இடத்தை விட்டு நகர அவனுக்குச் சில நொடிகள் கிடைக்கும். காரணம் புரிகிறது என்பதற்காக அடித்ததை மன்னித்துவிடக் கூடாது: உடைத்ததை அவனே சரிசெய்யட்டும், அடிபட்டவரிடம் அவனே பேசட்டும். திருப்பி அடித்தால், வீடு ஏற்கெனவே நடத்திய பாடத்தையே நாமும் நடத்துகிறோம்.

“அப்படியே உன் அப்பன்தான்” என்ற சொல்லை மட்டும் எந்தக் கோபத்திலும் சொல்லாதீர்கள். தானும் அவரைப் போல் ஆகிவிடுவோமோ என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அது தீர்ப்பாகவே கேட்கும். ஆனால் இப்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் வன்முறையாளர்களாக மாறுவதில்லை. பெண் பிள்ளைகளுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். சத்தமே போடாமல் ஒடுங்கிப்போகும் பிள்ளையையும் மறந்துவிட வேண்டாம்.

ஆயுதம் எடுத்தாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். அடித்தவர் வீட்டை விட்டுப் போன பிறகு பிள்ளையின் கோபம் சில காலம் கூடுவதும், அது பாதுகாப்பாகத் தோன்றும் தாயின்மீதே பாய்வதும் உண்டு. வன்முறை நின்றும் பிள்ளை அடங்கவில்லையே என்று அப்போது சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.