பெங்களூரில் பிள்ளையை உளவியல் மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லும் தமிழ்ப் பெற்றோருக்கு

மதிப்பீட்டு அறிக்கை எவ்வளவு சரியாக அமையும் என்பது சோதனைகளை மட்டும் பொறுத்ததன்று. வீட்டார் தரும் தகவலையும் பெரிதும் பொறுத்தது. ஆகவே உளவியலாளரிடம் நேரம் கேட்பதற்கு முன்பே பெற்றோர் முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதல் வேலை காதையும் கண்ணையும் சோதிப்பது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, பலகையைப் பார்த்து எழுதுவதில்லை என்று பள்ளி சொல்லும் புகார்களில் சில, கேட்கும் திறனிலோ பார்வையிலோ உள்ள குறையால் வருபவை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அறிவுத்திறன் சோதனைக்குப் போனால் பணமும் வீண், முடிவும் தவறு.

அடுத்தது, யாரிடம் போவது என்பது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகளையும் பேச்சுவழிச் சிகிச்சையையும் செய்வார்; அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகப் படித்தவர் அதற்காகக் கோபிக்கமாட்டார். ஓசூர் சாலையிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கெனத் தனித் துறையே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் பலர் வருவதால் கூட்டம் அதிகம். முதல் முறை போகும்போது ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுவது நல்லது. எங்கே தொடங்குவது என்றே புரியாதவர்கள் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மொழியே பெரிய சிக்கல். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வளரும் ஒரு பிள்ளை வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி, பள்ளியில் ஆங்கிலமும் இரண்டாம் மொழியாகக் கன்னடமோ இந்தியோ படிக்கிறது. குடையின் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் பெயர் கேட்டால் வாய் திறக்காத ஐந்து வயதுப் பெண், “இது என்ன கண்ணு?” என்று கேட்டதும் “கொடை, பாட்டிகிட்ட கறுப்பு இருக்கு” என்று சொல்லிவிடுவாள். அந்த மௌனத்தை மட்டும் குறித்துக்கொண்டால் சொல்வளம் குறைவு என்றுதான் அறிக்கை வரும். நம் நாட்டில் இன்றும் பரவலாகப் பயன்படும் பினே-காமத் அறிவுத்திறன் சோதனையே, கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்காக வி. வி. காமத் 1930களில் திருத்தியமைத்ததிலிருந்து வந்ததுதான். எனவே, எந்த மொழியில் பிள்ளை கனவு கண்டு உளறுகிறது, எந்த மொழியில் சண்டை போடுகிறது, எந்த மொழியில் படிக்கத் தொடங்கியது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் சோதனையை நடத்த முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், மொழியை அதிகம் சாராத சோதனைகளையும் சேர்த்துச் செய்யச் சொல்வதோடு, எந்த மொழியில் சோதித்தார்கள் என்பதை அறிக்கையில் எழுதவும் சொல்லுங்கள்.

எடுத்துச்செல்ல வேண்டியவை: பிறந்தபோது மருத்துவமனை தந்த தாள்கள், தடுப்பூசி அட்டை, மதிப்பெண் அட்டைகள், முந்தைய அறிக்கைகள். பள்ளி நோட்டுகளில் அழகாக எழுதியதை மட்டும் பொறுக்கி எடுக்காமல், ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்ததையும், பாதியில் விட்ட பக்கங்களையும் கொண்டு போங்கள். எழுத்து எந்த இடத்தில் தலைகீழாகிறது, எத்தனை வரிக்குப் பிறகு கை தளர்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். தலை நின்றது, நடந்தது, முதல் சொல் பேசியது ஆகியவை எந்த மாதம் என்பது பெரும்பாலும் பாட்டிக்குத்தான் நினைவிருக்கும். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் சந்திப்புக்குத் தாயும் தந்தையும் சேர்ந்தே போக வேண்டும். வேலை இருக்கிறது என்று அப்பா ஒதுங்கிக்கொள்வது நம் வீடுகளில் சகஜம். ஆனால் இருவர் சொல்வதிலும் உள்ள வேறுபாடே உளவியலாளருக்கு ஒரு தகவல்.

சோதனை நாளில் பிள்ளை நன்றாகத் தூங்கி, சாப்பிட்டிருக்க வேண்டும். ‘பரீட்சை’ என்று பயமுறுத்தாமல், ஒருவரோடு பேசி, படம் பார்த்து, சில புதிர்களைச் செய்யப் போகிறோம் என்று சொன்னால் போதும். இணையத்தில் தேடிப் பயிற்சி கொடுத்து அழைத்துச்செல்வது, காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு வெப்பமானி வைப்பதைப் போன்றது.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் அறிவுத்திறனைக் காட்டும் ஐக்யூ எண்ணுக்கே போகிறது. 90 முதல் 109 வரை சராசரி. 70க்குக் கீழே இருந்தாலும், அன்றாட வாழ்க்கைத் திறன்களையும் பார்க்காமல் அறிவுசார் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. எண்ணைவிட, எதில் வலிமை, எதில் தடுமாற்றம் என்ற பகுதிதான் பயன்படும். அதை விளக்குவதற்கென்று தனியாக ஒரு சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள். படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் தடுமாறும் கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் 8 வயதுக்கு முன் கிடைக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அக்குறைபாடும் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளன. ஆனால் தேர்வில் கூடுதல் நேரமோ, பிள்ளை சொல்லச் சொல்ல விடை எழுதும் உதவியாளரோ பெற யார் தரும் சான்றிதழ் செல்லும் என்பது ஒவ்வொரு தேர்வு வாரியத்துக்கும் மாறுபடுவதால், தனியாரிடம் பணம் கட்டுமுன் பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

சிகிச்சை என்று வரும்போது, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே கைப்பேசி பார்க்கும் பெற்றோர் பாதிப் பலனை இழக்கிறார்கள். சிறு பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்களுக்குப் பெற்றோர் பயிற்சியே முதன்மைச் சிகிச்சை. அம்மா மறுத்ததைத் தாத்தா கொடுத்துவிடும் வீட்டில் எந்தத் தெரபியும் நிலைக்காது. தாத்தாவையும் ஒரு நாள் அழைத்துப் போங்கள். வளர்ந்த பிள்ளை உள்ளே பேசியதைத் துருவக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் உளவியலாளரே உங்களிடம் சொல்வார். பாலியல் வன்முறை தெரியவந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் புகார் செய்தே ஆக வேண்டும்.

பள்ளி அறிக்கை கேட்டால், குடும்ப விவரங்கள் அடங்கிய முழு அறிக்கையையும் நீட்டிவிடாதீர்கள். வகுப்பில் செய்ய வேண்டியவற்றை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி உளவியலாளரிடமே கேட்டு, அதன் நகலைக் கொடுத்து, மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.