செட்டில் பவர் குறைந்தால் மூடியைக் கடைசியாகத் திறங்கள்

தோட்ட லோரியில் மாட்டிய 50 வாட் வி.எச்.எஃப். செட் (150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்கும், பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோ) 15 வாட்தான் தருகிறது என்றால், பலரும் முதலில் குற்றம் சொல்வது உள்ளே சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பவர் மாட்யூலை. ஆனால் கோளாறு பெரும்பாலும் வெளியே, கரண்ட் வரும் வயரிலோ ஆன்டெனா கேபிளிலோ இருக்கிறது. மாட்யூல் விலை அதிகம், கழற்றுவதும் லேசில்லை. அதனால் வெளியே இருந்து உள்ளே போங்கள்.

முதலில், பவர் உண்மையிலேயே குறைந்ததா? மெனுவில் யாராவது 'லோ'வில் வைத்திருக்கலாம். 50 வாட் 25 ஆனாலும் சிக்னல் வலிமையின் கணக்கில் வித்தியாசம் 3 டெசிபல்தான். நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் எதிர்முனைக்கு அது தெரியவே தெரியாது. நேற்றுவரை தெளிவாகக் கேட்டவர் இன்று கரகரப்பில் மூழ்கினால், அது 3 டெசிபல் சமாசாரம் இல்லை. சுங்கை சிப்புட் மாதிரி குன்றுகள் சூழ்ந்த இடத்தில் லோரி குன்றுக்குப் பின்னால் போயிருக்கலாம், அல்லது ஆன்டெனா போயிருக்கும்.

வேண்டியவை: மல்டிமீட்டர், செட்டின் அலைவரிசைக்கு ஏற்ற பவர் மீட்டர், 100 வாட் தாங்கும் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, பவரைச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர்), அரை மீட்டர் நல்ல கேபிள். 27 மெகாஹெர்ட்ஸ் சிபி செட்டுக்கான பழைய மீட்டரை 150 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் அது சொல்லும் எண்ணை நம்ப முடியாது. ஆன்டெனாவோ டம்மி லோடோ இல்லாமல் பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தானை) அழுத்தவே கூடாது.

வோல்டேஜைச் செட்டின் பின்பக்கக் கனெக்டரில் அளவெடுங்கள், அதுவும் பிடிடியை அழுத்தியபடி. சும்மா இருக்கும்போது 13.8 காட்டி, அழுத்தியதும் 11-க்கு இறங்கினால் குற்றவாளி அகப்பட்டான். 50 வாட் செட் ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர் வயர். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் சுமார் 2 வோல்ட் அதிலேயே கரைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.8 வோல்ட், 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட். ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ பழுப்பேறியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். உரம் ஏற்றும் வண்டிகளில் எர்த் போல்ட் பச்சை பூத்திருக்கும். சுரண்டி, பளபளப்பாக்கி, கிரீஸ் தடவி இறுக்குங்கள்.

பெரிய லோரிகளில் 24 வோல்ட் என்பதால் தனிக் கவனம் வேண்டும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது பலரும் செய்யும் தவறு. ஒன்று காய்ந்துபோகும், மற்றது கொதிக்கும். 24-ஐ 12 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டர்தான் வழி. அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் தொடர்ந்து தருவதா, ஒரு நொடி தருவதா என்று பாருங்கள். தொடர்ந்து 15 ஆம்பியராவது தர வேண்டும்.

வோல்டேஜ் சரி என்றால் டம்மி லோடை மாட்டி, எஃப்.எம்.மில் சில வினாடிகள் அழுத்துங்கள். 45 வாட்டுக்கு மேல் வந்தால் செட் நல்லாயிருக்கிறது, கோளாறு கேபிளில் அல்லது ஆன்டெனாவில். ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர்.; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. அது 3-ஐ நெருங்கினால் பல செட்டுகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே பவரைக் குறைக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மழைத் தண்ணீர் இறங்கிய கேபிளில் செட் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். அழகாக 1.3 காட்டும். போன பவரையும் திரும்பி வரும் பவரையும் கேபிளே தின்றுவிடுவதால், மீட்டருக்கு எதுவும் தெரிவதில்லை. ஆன்டெனாவைக் கழற்றி, மறுமுனையில் டம்மி லோடையும் மீட்டரையும் மாட்டிப் பாருங்கள். ஆர்ஜி-58 கேபிளில் 10 மீட்டருக்கே சுமார் 2 டெசிபல் போகும். 50 வாட்டில் 32 வாட்தான் மேலே சேரும். அதற்கும் கீழே வந்தால் வெட்டிப் பாருங்கள், உள்வலை கறுத்திருக்கும். அந்த நீளத்துக்கு ஆர்ஜி-213 கேபிளே மேல்.

டம்மி லோடிலும் பவர் இல்லையென்றால்தான் மூடி. பல மொபைல் செட்டுகளில் மிட்சுபிஷியின் ஆர்ஏ வரிசை மாட்யூல் இருக்கும். ஆர்ஏ60எச்1317எம் ஓர் உதாரணம். கால்கள் வரிசையாக: உள்ளே வரும் சிக்னல், பவரைக் கூட்டிக் குறைக்கும் கேட் வோல்டேஜ், மாட்யூலுக்குக் கரண்ட் தரும் டிரெய்ன் வோல்டேஜ், அவுட்புட். உடம்பே எர்த். பிடிடி அழுத்தியபோது மூன்றாம் காலில் பேட்டரி வோல்டேஜ் இல்லையென்றால் அந்த வழியில் சுவிட்ச் அல்லது சோல்டர் போயிருக்கிறது. இரண்டாம் கால் 2, 3 வோல்ட்டிலேயே தேங்கினால் மாட்யூலைத் திட்டாதீர்கள். பவர் கட்டுப்பாட்டுச் சர்க்யூட் வேண்டுமென்றே அடக்குகிறது. சூடறியும் தெர்மிஸ்டர், திரும்பி வரும் பவரை அறியும் ரிஃப்ளெக்ட் பவர் டயோடு இரண்டையும் சோதியுங்கள். கேட்டில் 5 வோல்ட் முழுசாக இருந்தும் ஆம்பியர் குறைவு என்றால் மாட்யூலுக்கு முந்தைய டிரைவர் சர்க்யூட்டிலிருந்து சிக்னல் வரவில்லை, அல்லது மாட்யூல் செத்துவிட்டது. ஆம்பியர் நிறைய, பவர் குறைவு என்றால் அவுட்புட் பக்கம்: ஆன்டெனா சுவிட்ச் டயோடு, ஃபில்டர் காயில், கனெக்டரின் நடு முள் சோல்டர்.

மாட்யூல் மாற்றும்போது ஹீட் சிங்க் தட்டையாக இருக்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் மெல்லிசாக, பவுடர் பூசுவது மாதிரி. திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டுப் பிறகு கால்களைச் சோல்டர் செய்யுங்கள். முறை மாறினால் உள்ளே செராமிக் விரிசல் விடும். பழைய செட்டுகளின் வெள்ளைச் செராமிக் டிரான்சிஸ்டரை உடைக்காதீர்கள். சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு உண்டு, அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

பிறகு டம்மி லோடில் பவரை 50 வாட்டுக்கு நிறுத்துங்கள். திருகினால் 60 வரும் என்று திருகாதீர்கள்; அனுமதிச் சான்றில் உள்ளதுதான் எல்லை. அழுத்தியபோதுள்ள வோல்டேஜ், ஆம்பியர், வாட் மூன்றையும் தேதியோடு எழுதிச் செட்டின் அடியில் ஒட்டுங்கள். அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.